சின்ன வயது ரேடியோ பைத்தியத்தை நாற்பதுக்கு மேல் வைத்திருப்பதா, விட்டுவிடுவதா?

மாடிக்கம்பி (மடிப்பாக்கம்):

நேராகக் கேள்விக்கே வருகிறேன். பள்ளிக்கூட நாட்களில் தொற்றிக்கொண்ட ஒரு பைத்தியத்தை, வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் வந்த பிறகும் விடாமல் வைத்திருப்பவர்கள் இங்கே உண்டா? எப்படி முடிகிறது உங்களால்?

என்னுடையது சிற்றலை (ஷார்ட் வேவ்) வானொலி. அப்பாவின் பிலிப்ஸ் ரேடியோவில் 25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர் என்று முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, மாஸ்கோவும் பீஜிங்கும் மணிலாவும் தமிழ் பேசுவதைக் கேட்டு வளர்ந்த கோஷ்டி நான். எந்த நேரம், எந்த அலைவரிசை, எவ்வளவு தெளிவு என்று எழுதிப் போட்டால் நிலையத்திலிருந்து வண்ண அட்டை வரும். க்யூ.எஸ்.எல். அட்டை என்போம். ஒரு பிஸ்கட் டின் நிறைய இன்னும் இருக்கிறது. கல்லூரி, வேலை, கல்யாணம் என்று வந்ததில் எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

போன வருடம் ஆசைப்பட்டு ஒரு டிஜிட்டல் ரிசீவர் வாங்கினேன். ஐந்து மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி எங்களுடையது. ஆன் செய்தால் எல்லா அலைவரிசையிலும் ஒரே 'கொர்ர்ர்'தான். மொட்டை மாடியில் ஒரு கம்பி கட்டிக்கொள்கிறேன் என்று அசோசியேஷனில் கேட்டால், "டவரா? ரேடியேஷன் வரும் சார், வேண்டாம்" என்கிறார்கள். ரிசீவர் அலமாரிக்குப் போய்விட்டது. விற்றுவிடலாமே என்கிறார் மனைவி. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

விடுவதா, பிடிப்பதா?

பாரிமுனை பாட்ஷா:

விடுங்கள் நண்பரே. கசப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் யாராவது சொல்ல வேண்டும்.

1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு வானொலியை நிறுத்திவிட்டது. மாஸ்கோ தமிழ் போய்விட்டது. நீங்கள் கேட்டு வளர்ந்த மற்றவற்றில் பல இன்று இணையத்தில் மட்டும்தான். ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 'கொர்ர்ர்' கேட்பதில் ஆச்சரியம் என்ன?

நான் ராயபுரத்துக்காரன். சின்ன வயதில் கேரம்தான் உயிர். தெருமுனை டியூப் லைட் வெளிச்சத்தில் ராத்திரி ஒரு மணிவரை அடித்திருக்கிறோம். மரிய இருதயம் உலகச் சாம்பியன் ஆனபோது எங்கள் தெருவே தூங்கவில்லை. எனக்கும் கொஞ்சம் கை இருந்தது. வேலைக்குப் போனதும் விட்டேன், போர்டைத் தெருப் பசங்களிடம் கொடுத்துவிட்டேன். வருத்தமே இல்லை. எல்லா ஆசையையும் சாகும்வரை தூக்கிச் சுமக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. இந்தக் காலத்தில் 'உன் கனவை விடாதே' என்று சொல்லிச் சொல்லியே ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறார்கள்.

வால்வு செட்:

பாட்ஷா தம்பி, நிலையம் மூடியதற்கும் ஆசை மூடுவதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கேட்பதை நான் நிறுத்தியதே இல்லை.

ஒன்று தெரியுமா உங்களுக்கு? இந்த ஊரில் ரேடியோ ஆரம்பித்ததே பொழுதுபோக்காகத்தான். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப் என்று தொடங்கி, சொந்த ஆர்வத்தில் ஒலிபரப்பினார்கள். கையில் காசு தீர்ந்து 1927இல் நின்றது. அவர்களுடைய டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930இல் மறுபடி ஒலிபரப்பைத் தொடங்கியது. மெரினாவில் ஒலிபெருக்கி வைத்து, காற்று வாங்க வந்த ஜனம் பாட்டுக் கேட்டது. அகில இந்திய வானொலி இங்கே வந்தது 1938 ஜூனில்தான். அதாவது சர்க்கார் வருவதற்குப் பதினான்கு வருடம் முன்பே நம்மைப் போன்ற பைத்தியங்கள் இருந்திருக்கிறார்கள்.

சரி, மாடிக்கம்பி சாருடைய 'கொர்ர்ர்' விஷயத்துக்கு வருகிறேன். ஆசை செத்துப்போகவில்லை சார், உங்கள் வீட்டு எல்.ஈ.டி. பல்பு கத்துகிறது.

அந்தக் காலத்தில் வீட்டில் குண்டு பல்பு, ஃபேன், அவ்வளவுதான். இன்று ஒவ்வொரு பல்புக்குள்ளும், செல்போன் சார்ஜருக்குள்ளும், டிவிக்குள்ளும், இன்வெர்ட்டருக்குள்ளும் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சர்க்யூட் இருக்கிறது. மலிவான சாமானில் அந்தக் குப்பையை வடிகட்டும் பகுதியை வைக்காமலே விற்கிறார்கள். அது வயர் வழியாகவும் காற்று வழியாகவும் நேராக மத்திய அலைக்கும் (மீடியம் வேவ்) சிற்றலைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சோதனை எளிது. ரிசீவரை பேட்டரியில் ஓட விடுங்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் போய்விட்டதா? திருடன் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். எம்.சி.பி.யை, அதாவது மெயின் பெட்டியில் இருக்கும் சின்ன சுவிட்சுகளை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எந்த அறை என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்த அறையில் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்க வேண்டியதுதான். மெயினை அணைத்தும் போகவில்லை என்றால் பக்கத்து வீடு, அல்லது லிஃப்ட். அதற்கு வேறு வைத்தியம்.

கம்பிக்கு மொட்டை மாடி அனுமதியே வேண்டாம். மோட்டார் காயில் கட்டும் கடையில் எனாமல் பூசிய மெல்லிய தாமிரக் கம்பி கிடைக்கும். தலைமுடி கனத்தில் வாங்கி ஜன்னலிலிருந்து எதிரே இருக்கும் மரத்துக்கோ பால்கனியின் அந்த மூலைக்கோ இழுத்துவிட்டால் அசோசியேஷன் தலைவர் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ரேடியேஷன் என்று பயப்படுபவரிடம் சொல்லுங்கள்: கேட்கும் கம்பி எதையும் அனுப்பாது, வருவதை வாங்கிக்கொள்ளும். ஒன்றே ஒன்று கவனம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது கம்பியை ரிசீவரிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

ஈயப்புகை (அம்பத்தூர்):

ஐயா சொன்ன எம்.சி.பி. சோதனையை நானும் வழிமொழிகிறேன். எங்கள் வீட்டில் மாட்டியது பூஜை அறை சீரியல் லைட். மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கவே ஒரு வாரம் ஆனது.

ஆனால் கேள்வியின் இன்னொரு பக்கத்தை யாரும் தொடவில்லை. ஆர்வத்தைக் காப்பாற்றுவது பற்றிய எந்தப் பேச்சிலும் 'காலையில் நான்கு மணிக்கு எழுந்துவிடுங்கள், அந்த நேரம் உங்களுடையது' என்று ஒருவர் சொல்லிவிடுவார். நான்கு மணிக்கு நான் எழுந்தால் அந்த நேரம் இட்லிக் கொப்பரைக்குப் போகும். ஆண்களுக்கு இருபது வயதில் ஒரு பைத்தியம் இருந்தால் ஐம்பதில் அதற்கு 'ஹாபி' என்று பெயர். பெண்ணுக்கு? "அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி." எங்கள் குடியிருப்பிலேயே சின்ன வயதில் பரதம், பேட்மிண்டன், சித்திரம் என்று பரிசு வாங்கிய பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? கேட்டால் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் சித்தப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். எட்டாவது படிக்கும்போதே எனக்கு ஈயம் வைத்துப் பற்ற வைக்கத் தெரியும். பெண்பிள்ளை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குத் தனியாகப் போகக்கூடாது என்பதால் டிரான்சிஸ்டர் வாங்கி வரச் சொல்லி அண்ணனிடம் சீட்டு எழுதிக் கொடுப்பேன். அவன் பி.சி.547 கேட்டால் பி.சி.557 வாங்கிக்கொண்டு வருவான். இப்போது நானே போகிறேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் பாதிக் கடை செல்போன் உறையும் சி.சி.டி.வி.யும்தான், ஆனால் மாடிப்படி ஏறினால் ரெசிஸ்டரைக் கைப்பிடிக் கணக்கில் அள்ளித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

நேரம் எப்படிக் கிடைத்தது என்றால், கேட்டு வாங்கினேன். ஞாயிறு மதியம் மூன்று முதல் ஆறு என்னுடையது. சாப்பாட்டு மேசையில் பழைய தினசரியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். காபி வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும், விருந்தாளி வந்தால் பேசிக்கொண்டிருக்கட்டும். முதல் சில மாதம் முணுமுணுப்பு இருந்தது. இப்போது மூன்று மணிக்கு மேசையைக் காலி செய்து வைப்பதே என் கணவர்தான்.

மாடிக்கம்பி சார், உங்களிடம் ஒரு கேள்வி. சின்ன வயதில் உங்களைப் பிடித்து வைத்திருந்தது ரேடியோவில் எது? நிகழ்ச்சியா? அட்டையா? முள்ளைத் திருப்பும் அந்தக் கைவேலையா? நான் வெகுகாலம் எனக்கு ரேடியோ பிடிக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்குப் பிடித்தது செய்வது. செய்து முடித்து, பாட்டு வந்ததும், யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். எங்கள் வீட்டில் ரேடியோவே ஓடாது!

மாடிக்கம்பி:

அக்கா, இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ராத்திரி யோசித்தேன்.

நிகழ்ச்சி இல்லை. சீன வானொலியில் தொழிற்சாலை உற்பத்தி விவரம் வாசிப்பார்கள், அதைக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது? அட்டையும் பாதிதான். தூரம்தான் என்று நினைக்கிறேன். இவ்வளவு தூரத்திலிருந்து ஒன்று வருகிறது, நடுவில் ஒயர் கிடையாது, அதை நான் பிடித்துவிட்டேன் என்கிற அந்தத் திமிர். எவ்வளவு மங்கலாக இருந்ததோ அவ்வளவு சந்தோஷம். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா கணீரென்று கேட்பார். எல்லோரும் ரசிப்பார்கள், எனக்கு மட்டும் அது 'லோக்கல் ஸ்டேஷன்'!

தரமணி தம்பி:

அப்படியென்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது அண்ணா. தூரம்தான் வேண்டும் என்றால் தமிழ் நிலையம் மூடியதைப் பற்றிக் கவலை எதற்கு?

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஓ.எம்.ஆரில் ஐ.டி. கம்பெனி. ஹாஸ்டலில் இருந்தபோது விளையாட்டாக ஒரு ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். வாங்கினேன், பென் டிரைவ் அளவு, லேப்டாப்பில் செருகினால் ரேடியோ. விண்ணில் சுற்றும் வானிலைச் செயற்கைக்கோள் நேராக நம் தலைமேல் போகும்போது 137 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்பிக்கொண்டே போகும். வீட்டில் செய்த இரண்டு கம்பி ஆன்டெனாவில் பிடித்து, வங்காள விரிகுடா மேகத்தை நானே லேப்டாப்பில் பார்த்திருக்கிறேன். பழைய நோவா 15, 18, 19 மூன்றும் 2025இல் ஓய்வு பெற்றுவிட்டன, ஆனால் ரஷ்யாவின் மீட்டியோர் இன்னும் அனுப்புகிறது. விண்வெளி நிலையத்தில் இருக்கிறவர்கள் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவது 145.800இல் சாதாரண எஃப்.எம்.மாகவே கேட்கும். நானூறு கிலோமீட்டர் உயரம். நம் வானத்தைக் கடக்க அதிகபட்சம் பத்து நிமிடம்தான். இதைவிடத் தூரம் என்ன வேண்டும்?

வீட்டில் இரைச்சல் ரொம்ப இருந்தால் நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்து ரிசீவரை பிரவுசரிலேயே திறந்து கேட்கலாம். உங்கள் மவுஸ்தான் முள்.

மாடிக்கம்பி:

தம்பி, செயற்கைக்கோள் விஷயம் கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த நெதர்லாந்து ரிசீவர் எனக்குச் சரிப்பட்டு வராது. சிக்னலைப் பிடித்தது அவர்கள் கம்பி. என் பங்கு என்ன? பக்கத்து வீட்டுக்காரர் பிடித்த மீனை வீடியோ காலில் பார்ப்பதற்கு நான் எதற்குத் தூண்டில் வாங்க வேண்டும்?

வால்வு செட்:

அதில் நான் தம்பி பக்கம். எனக்கு மூட்டு வலி, ஏணி ஏற முடியாது. கை ஓய்ந்தவனுக்கு அந்த ரிசீவர் ஒரு வரம். சூரியப் புள்ளிகள் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். 2024இல் உச்சத்தில் இருந்தபோது உயர்ந்த அலைவரிசைகள் வெகுதூரத்துக்கு எப்படித் திறந்துகிடந்தன என்று இரண்டு கண்டத்து ரிசீவர்களையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். இளமையில் எனக்கு இந்த வசதி இருந்திருந்தால் படிப்பே ஏறியிருக்காது.

ஆனால் 'என் கம்பியில் வர வேண்டும்' என்கிற பிடிவாதம் புரிகிறது. அது உங்களுக்கு மிச்சம் இருப்பது நல்ல அறிகுறி.

கருப்புக் குதிரை (கோடம்பாக்கம்):

தலைப்பில் ரேடியோ இருந்தாலும் கேள்வி எல்லோருக்கும் பொது என்பதால் உள்ளே வருகிறேன். என்னுடையது செஸ்.

இந்த ஊரில் செஸ் பைத்தியத்தை நாற்பதில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய அவமானம் தெரியுமா? சோவியத் கலாசார மையத்தில் 1972இல் மானுவல் ஆரோன் ஆரம்பித்த டால் கிளப்பில் விளையாடிய சிறுவன் ஆனந்த், 1988இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதற்கப்புறம் தெருவுக்கு ஒரு அகாடமி. குகேஷ் 2024இல் உலகச் சாம்பியன் ஆன பிறகு கேட்கவே வேண்டாம். ரேட்டிங் போட்டிக்குப் போனால் என் எதிரே உட்காருகிறவருக்குக் கால் தரையில் எட்டாது. பக்கத்தில் அம்மா கொடுத்த தண்ணீர் பாட்டில். பதினைந்து நிமிடத்தில் என் ராணியைத் தூக்கிவிட்டு, "அங்கிள், ரிசைன் பண்றீங்களா?" என்று மரியாதையாகக் கேட்கும். 2024 மார்ச்சில் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே குறைந்தபட்ச ரேட்டிங்கை 1400 ஆக உயர்த்தியது. அந்தப் புண்ணியத்தில்தான் என் எண் கொஞ்சம் கௌரவமாகத் தெரிகிறது.

ஆனாலும் போகிறேன். தோற்ற பிறகு அந்தக் குழந்தையோடு உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்ப வைத்துப் பார்ப்பது இருக்கிறதே, அதற்காகத்தான் போகிறேன். பெரியவர்கள் ஆசையை விடுவதற்குப் பாதிக் காரணம் நேரமின்மை என்று நான் நம்பவில்லை. சுமாராகச் செய்வதை நம்மால் தாங்க முடியவில்லை. பத்து வயதில் சுமாராக ஆடினால் 'முன்னுக்கு வருவான்' என்பார்கள். நாற்பதில் சுமார் என்றால் சுமார்தான்.

பாரிமுனை பாட்ஷா:

கடைசி வரி சரி. அதனால்தான் விட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஃபிளாஷ் பாயிண்ட்:

நான் தலைகீழாக ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். ஆசையைத் தொழிலாக்காதீர்கள்.

எட்டாம் வகுப்பில் மாமா கொடுத்த கேமரா. ஒரு ரோலில் 36 படம், கழுவும் காசுக்கு வாரக்கணக்கில் சேமிப்பேன். 'பிடித்ததையே வேலையாகச் செய்தால் வாழ்நாளில் வேலையே செய்ய வேண்டாம்' என்று யாரோ சொன்னதை நம்பிக் கல்யாண போட்டோகிராபி ஆரம்பித்தேன். பணம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் முகூர்த்த நாள் தவிர மற்ற நாளில் கேமராவைத் தொடப் பிடிக்கவில்லை. காசிமேட்டில் விடியற்காலை படகு வருவதைப் படமெடுக்க அவ்வளவு ஆசையாகப் போவேன். இப்போது அங்கே நின்றாலும் 'இதை எந்த ஆல்பத்தில் போடலாம்' என்றுதான் ஓடுகிறது.

வழி இருக்கிறதா என்றால், எனக்குக் கிடைத்தது ஒன்று. தொழிலுக்கு ஒரு கேமரா, எனக்கென்று ஒரு பழைய மட்டமான கேமரா. அதில் எடுத்ததை யாருக்கும் அனுப்புவதில்லை, எங்கும் போடுவதில்லை. மாடிக்கம்பி, தயவுசெய்து யூட்யூப் சேனல் மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

தரமணி தம்பி:

அண்ணா, நான் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டேனே. பார்வையாளர்களில் என் அம்மாவும் ஒருவர்.

ஈயப்புகை:

ஃபிளாஷ் பாயிண்ட் சொன்னது எனக்கு உறைத்தது. என்னிடமும் 'அந்தக் கிட் நூறு செய்து தர முடியுமா' என்று ஒருவர் கேட்டார். மறுத்துவிட்டேன்.

பாட்ஷா அண்ணன் முதலில் இதில் ஒன்றும் மிச்சமில்லை என்பதுபோல் பேசினாரே. ஹாம் ரேடியோவை, அதாவது லைசென்ஸ் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக நாமே பேசவும் கேட்கவும் செய்யும் ரேடியோவை, அவர் மறந்துவிட்டார். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்பவர் குழுவோடு அந்தமானுக்குப் போனார். எதற்கு? அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு வெகு அபூர்வம் என்பதால், உலகம் முழுக்க இருக்கும் ஹாம்கள் 'அந்தமானோடு பேசினேன்' என்று குறித்துக்கொள்ளட்டும் என்று. சுத்தமான பொழுதுபோக்கு. 26ஆம் தேதி சுனாமி அடித்தது. தொலைபேசி செத்துவிட்டது. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன அதே செட்டுதான் தீவுகளிலிருந்து செய்தி அனுப்பியது. இதைச் சொல்வதால் பொழுதுபோக்குக்கு ஏதாவது பயன் இருந்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. சும்மா செய்வதற்கும் எனக்கு உரிமை இருக்கிறது.

லைசென்ஸ் வேண்டும் என்றால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வு எழுத வேண்டும். பன்னிரண்டு வயது ஆனால் போதும். எலக்ட்ரானிக்ஸ் அடிப்படையும் விதிமுறைகளும் கேட்பார்கள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்க நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு தந்திக் குறி) தேவையில்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கையடக்க வாக்கி டாக்கி வாங்கி லைசென்ஸ் இல்லாமல் பட்டனை அழுத்தாதீர்கள், அது குற்றம்.

மாடிக்கம்பி:

எல்லோருக்கும் ஒரு தகவல். எம்.சி.பி. சோதனை செய்தேன். முதல் திருடன் ஹாலில் ஃபால்ஸ் சீலிங் ஓரமாக ஓடும் எல்.ஈ.டி. பட்டி. இரண்டாவது, என் மகனுடைய லேப்டாப் சார்ஜர். இரண்டையும் அணைத்தால் பாதி அடங்குகிறது. மீதி எதிர் வீட்டு இன்வெர்ட்டர் என்று சந்தேகம், மின்வெட்டு வரும்போது மட்டும் கூடுகிறது.

சார்ஜரைப் பிடுங்கச் சொன்னதும் மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மகளுக்காவது இதில் ஆர்வம் வரும் என்று நினைத்தேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு "இது ரிப்பேரா அப்பா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வால்வு செட்:

பிள்ளைகள் மேல் திணிக்காதீர்கள். என் மகனை உட்கார வைத்து மோர்ஸ் சொல்லிக்கொடுத்தேன், அவன் வீட்டுப்பாடம் போல வெறுத்தான். பேத்தி கேட்காமலே வந்து உட்காருகிறாள். நீங்கள் அதில் சந்தோஷமாக இருப்பது அவர்கள் கண்ணில் பட்டால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வரவில்லையென்றாலும் குடி முழுகிவிடாது.

எதிர் வீட்டு இன்வெர்ட்டருக்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வீட்டை விட்டு வெளியே வாருங்கள். கடற்கரைக்குப் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், மத்திய அலை கடல்மேல் வரும்போது சிக்னல் அதிகம் தேயாது. தண்ணீர் ஓரமாக உட்கார்ந்தால் கட்டடங்களின் குப்பையும் பின்னால் போய்விடும். சென்னைக்குக் கிழக்கே அந்தமான் வரை தடுப்பு ஒன்றும் இல்லை. போர்ட் பிளேர் 684 கிலோஹெர்ட்ஸ், முயன்று பாருங்கள். அங்கே நமக்கு முன்பாக, சுமார் ஐம்பது நிமிடம் முந்தி, பொழுது சாயும். ஆகவே இங்கே பொழுது விழும்போது பாதை முழுதும் இருட்டியிருக்கும். பகலில் மத்திய அலையை விழுங்கும், மேலே வானத்து அயனிப்படலத்தின் கீழடுக்கு இருட்டினால் கலைந்துவிடும். அதுதான் சூட்சுமம். உள்ளூர்ச் சென்னை நிலையம் 720 பக்கத்திலேயே மலை மாதிரி நிற்கும், பக்கத்து அலையை வடிகட்டும் ஃபில்டரைக் குறுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிக்கம்பி:

போனேன் ஐயா. திருவான்மியூர் கடற்கரை, சுண்டல் வண்டிகளைத் தாண்டி வடக்கே. முதல் அரை மணி நேரம் 720இன் பிசிறுதான். அப்புறம் அடியில் ஒரு பெண் குரல், இந்தியில், ஏறி இறங்கி. ஊர்ப் பெயர் சொல்லும்வரை நகரக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். சொன்னார். போர்ட் பிளேர்!

ரோந்து வந்த காவலர் ஒருவர் கம்பியையும் பெட்டியையும் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். அந்தமான் கேட்கிறது என்றேன். ஹெட்போனை வாங்கி வைத்துப் பார்த்தார். "பாட்டு ஒண்ணும் வரலையே சார்" என்றார். "வராது" என்றேன். சரி, ரொம்ப நேரம் உட்காராதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னேன். மனைவிக்கு அந்தமான் பெரிதாகப் படவில்லை. ஆனால் விற்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஞாயிறு காலை அவர் மறுபடி பாட்டு வகுப்புக்குப் போகப்போகிறார். பிள்ளைகள் என் பொறுப்பு. ஈயப்புகை அக்காவின் பதிவை அவரிடம் படிக்கக் கொடுத்ததன் விளைவு இது என்பதைப் பதிவு செய்கிறேன்.

கருப்புக் குதிரை:

பாட்ஷாவும் கேரம் போர்டைத் தெருப் பசங்களிடம் கொடுத்ததன் மூலம் தன் ஆசையை வாழ வைத்திருக்கிறார் என்று சொல்லலாம் இல்லையா?

பாரிமுனை பாட்ஷா:

சொல்லக்கூடாது. வீட்டில் இடம் இல்லை, கொடுத்தேன். அதையெல்லாம் தத்துவமாக்காதீர்கள். காசிமேட்டிலிருந்து காசிமா 2024இல் அமெரிக்கா போய் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தது எங்கள் பக்கத்துக்கே பெருமை, அதில் என் பங்கு ஒன்றும் கிடையாது. பார்த்துக் கைதட்டினேன். அது போதும் எனக்கு.

மாடிக்கம்பிக்கு மட்டும் ஒன்று. கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள், இனி விட மாட்டீர்கள். நல்லது.

மாடிக்கம்பி:

நன்றி பாட்ஷா. வருகிற ஞாயிறு மாலை அதே இடத்தில் உட்காரலாம் என்றிருக்கிறேன். தரமணி தம்பி லேப்டாப்போடு வருகிறாராம். வேறு யார் வருகிறீர்கள்? பாய், கொசுவத்தி, கம்பி நான் கொண்டுவருகிறேன்.

வால்வு செட்:

நான் மணலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். மடக்கு நாற்காலியோடு பேத்தி கூட்டி வருவதாகச் சொல்கிறாள். தம்பியின் லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டச் சொல்லுங்கள், பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்றினால் அதுவே கத்தும்.

ஈயப்புகை:

நான் செய்த செட் ஒன்றைக் கொண்டுவருகிறேன், ஓடுகிறதா என்று பார்க்கவாவது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு கணவர் கையில், பேசிவிட்டேன். ஒரு விஷயம்: எல்லோரும் ஒரே பாயில் உட்காராதீர்கள். பழைய மாதிரி செட்டை 684இல் வைத்தால் அதற்குள் தானே அலை உண்டாக்கும் ஆசிலேட்டர் 1139 பக்கம் ஓடும், பக்கத்து ரிசீவரில் விசில் கேட்கும். ஆளுக்குப் பத்தடி தள்ளி உட்காருவோம். சுண்டல் வந்தால் கூடுவோம்.